பால் கொடுத்தவளும் தாயே!

சென்ற ஆண்டு ரஜப் மாதத்தின் ஓரிரவு. மணி 11-ஐத் தாண்டியிருந்தது. கைப்பேசி ஒலித்ததும் நெஞ்சம் திடுக்கிட்டது. அகால வேளையில் வரும் அழைப்பு பெரும்பாலும் ஒரு மவுத்துச் செய்தியாகவே இருக்கும் அல்லவா? ஆனால் அன்று வந்தது பிறப்புச் செய்தி. எங்கள் மதரஸாவில் ஓதி ஆலிமா பட்டம் பெற்றுச் சென்ற மாணவி ஒருத்தியின் கணவர் பேசினார். ஸலாம் சொன்ன குரலிலேயே நடுக்கம் தெரிந்தது.

முப்பதாவது வாரத்திலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. எடை 1,150 கிராம். தாய்க்கு இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறியதால் அவள் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் நினைவு மங்கிக் கிடக்கிறாள். குழந்தைக்குக் கொடுக்க அவளிடம் ஒரு துளிப் பாலும் இல்லை.

"தாய்ப்பால் வங்கியில பால் இருக்கு, கொடுக்கலாமான்னு டாக்டரம்மா கேக்குறாங்க ஆலிமா. எங்க அம்மா வேணாங்குறாங்க. யாரு பாலுன்னே தெரியாமக் குடுத்துட்டா, நாளைக்கு நிக்காஹ்ல சிக்கல் வந்துடும்னு பயப்படுறாங்க. கூடுமா, கூடாதா? நீங்கதான் சொல்லணும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விசாரித்துக் காலையில் சொல்கிறேன்" என்றேன். ஆண்டுக்கணக்கில் பால்குடிச் சட்டங்களைப் பாடமாக நடத்தியவள் நான். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் ஓர் உயிரை முன்னிறுத்தி அந்தப் பாடத்தை நான் ஒருநாளும் சிந்தித்துப் பார்த்ததில்லை. அன்றிரவு முழுவதும் அக்குழந்தை வயிற்றில் பாலின்றி, நரம்பு வழியே ஏறும் சர்க்கரை நீரை மட்டும் நம்பிக் கிடந்தது. உயிருக்கு ஊறு ஒன்றும் நேரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். எனினும் என் வாயிலிருந்து பிறந்த அந்த ஓரிரவுத் தாமதம் இன்றுவரை என் உள்ளத்தை உறுத்துகிறது. இன்னொரு வீட்டில் இத்தாமதம் நேரக்கூடாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன்.

மருந்தாகும் பால்

கருவில் 37 வாரம் நிறைவதற்கு முன் பிறப்பதைக் குறைமாதப் பிறப்பு என்கிறது மருத்துவம். இத்தகைய குழந்தையின் குடல் முற்றும் பக்குவப்படாதது. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சு விடுதல் ஆகிய மூன்றையும் ஒத்திசைவாகச் செய்யும் திறன் ஏறத்தாழ 34-ஆம் வாரத்தில்தான் கைகூடும். அதுவரை மெல்லிய குழாயின் வழியே சொட்டுச் சொட்டாகப் பாலை இரைப்பைக்குள் செலுத்துவார்கள்.

அந்தப் பால் எந்தப் பால் என்பதில்தான் குழந்தையின் வாழ்வு அடங்கியிருக்கிறது. குறைமாதக் குழந்தைகளைத் தாக்கும் கொடிய நோய்களுள் ஒன்று குடலின் திசுக்கள் அழுகிப்போகும் நோய். குடலில் துளை விழுந்து, அறுவைச் சிகிச்சை வரை சென்று, உயிரையே பறித்துவிடுவதும் உண்டு. 1990-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 926 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்து வெளியிட்ட ஆய்வொன்று, தாய்ப்பால் மட்டும் பெற்ற குழந்தைகளைவிட, டப்பாப் பால் மட்டும் பெற்ற குழந்தைகளிடம் இந்நோய் 6 முதல் 10 மடங்கு வரை மிகுந்திருந்ததைக் காட்டியது. தாய்ப்பாலில் உள்ள நோய் எதிர்ப்புப் பொருள்கள் குடலின் உட்சுவருக்குக் கவசமாக அமைகின்றன. பசும்பாலிலிருந்து செய்யப்படும் மாவுக்கு அந்த ஆற்றல் கிடையாது.

பெற்ற தாயின் பாலே எல்லாவற்றிலும் மேலானது. குறைமாதத்தில் பெற்றவளின் பாலில் புரதம் கூடுதலாக இருப்பது இறைவனின் ஏற்பாடு. ஆனால் தாய் கடும் நோயுற்றிருந்தாலோ, பால் சுரப்பது தாமதமானாலோ, அவள் இறந்தே போனாலோ என்ன செய்வது? அந்நிலையில் பிற தாய்மார் அளிக்கும் பாலை ஊட்ட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. டப்பாப் பால் அதற்கும் அடுத்த நிலையில்தான் வருகிறது.

தாய்ப்பால் வங்கி

உலகின் முதல் தாய்ப்பால் வங்கி 1909-ஆம் ஆண்டு வியன்னா நகரில் தோன்றியது. ஆசியாவிலேயே முதலாவது வங்கி நம் நாட்டில்தான் பிறந்தது என்பது பலரும் அறியாத செய்தி. 1989-ஆம் ஆண்டு மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிதா ஃபெர்னாண்டஸ் அதனை நிறுவினார். தமிழகத்தில் 2015-ஆம் ஆண்டு அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் இத்தகைய வங்கிகள் தொடங்கப்பட்டன. 2017-இல் மத்திய அரசு இவற்றுக்கெனத் தேசிய வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

பால் அளிக்க முன்வரும் தாய்க்கு முதலில் எய்ட்ஸ், மஞ்சள் காமாலைக் கிருமி, மேகநோய் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனை நடைபெறும். தன் குழந்தைக்குப் போக எஞ்சும் பாலையே அவள் தர வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்த துயரத்திலும், மார்பில் கட்டும் பாலை வீணாக்க மனமின்றி, பிறர் பிள்ளைக்கு வழங்கும் தாய்மாரும் உண்டு. இவர்களை எண்ணும்போது கண்கள் பனிக்கின்றன.

பெறப்பட்ட பாலை 62.5 பாகை வெப்பத்தில் 30 நிமிடம் வைத்திருந்து விரைவாகக் குளிர்விப்பர். இதனால் நோய்க்கிருமிகள் மடியும். நற்பொருள்கள் சில குறைந்தாலும் பெரும்பகுதி எஞ்சும். பின்னர் கிருமிச் சோதனை செய்து, உறைநிலைக்குக் கீழே 20 பாகைக் குளிரில் சேமித்து வைப்பர். பல வங்கிகளில் இரண்டு மூன்று தாய்மாரின் பாலை ஒன்றாகக் கலந்துவிடுவது வழக்கம். அளித்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் ஒருவருக்கொருவர் தெரிவிக்கப்படுவதில்லை. நமக்குரிய கேள்வி இவ்விடத்தில்தான் தொடங்குகிறது.

பாலால் அமையும் உறவு

பிறர் பிள்ளைக்குப் பாலூட்டுவதை இஸ்லாம் தடுக்கவில்லை, போற்றுகிறது. பெற்றோரிடையே இடர்ப்பாடு நேர்ந்தால் வேறொரு பெண் பாலூட்டலாம் என்று திருமறையின் 65-ஆம் அத்தியாயம் வழி காட்டுகிறது. நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே சுவைபா (ரலி), ஹலீமா (ரலி) ஆகிய அன்னையரின் பாலருந்தி வளர்ந்தவர்கள். ஹுனைன் போருக்குப் பின் பிடிபட்டோரிடையே தம் பால்குடிச் சகோதரி ஷைமா (ரலி) இருப்பதை அறிந்ததும், தம் மேலாடையை விரித்து அவர்களை அமரச் செய்தார்கள். ஹலீமா (ரலி) அவர்களின் குலத்தைச் சார்ந்த ஹவாஸின் மக்கள் அந்தப் பால் உறவைச் சொல்லி மன்றாடியபோது, சுமார் 6,000 கைதிகள் விடுவிக்கப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். பாலைவனத்துப் பெண்ணொருத்தி ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன் ஊட்டிய பால், ஒரு கூட்டத்துக்கே விடுதலை வாங்கித் தந்தது!

இத்துணைச் சிறப்புடைய உறவாதலால்தான் அதற்குச் சட்டமும் உண்டு. பாலூட்டிய தாயையும் பால்குடிச் சகோதரியையும் மணமுடிக்கத் தடை செய்கிறது 4:23 வசனம். இரத்த உறவால் விலக்கப்பட்டவை பாலுறவாலும் விலக்கப்படும் என்பது நபிமொழியின் கருத்து (புகாரி, முஸ்லிம்). ஹம்ஸா (ரலி) அவர்களின் மகளை மணமுடிக்குமாறு நாயகம் (ஸல்) அவர்களிடம் கூறப்பட்டபோது, அவள் தம் பால்குடிச் சகோதரரின் மகள் என்று கூறி மறுத்துவிட்டார்கள்.

உக்பா இப்னு ஹாரிஸ் (ரலி) அவர்களின் வரலாறு இன்னும் உருக்கமானது. அவர் மணமுடித்த பின் ஒரு பெண் வந்து, உங்கள் இருவருக்கும் பாலூட்டியவள் நான்தான் என்றாள். அவர் திகைத்தார், இதுவரை எவரும் தமக்கு இதனைச் சொன்னதில்லை என்றார். மக்காவிலிருந்து மதீனா வரை பயணித்து நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். இவ்வாறு சொல்லப்பட்டுவிட்ட பின் எப்படிச் சேர்ந்து வாழ்வது என்று கேட்டார்கள் பெருமானார் (ஸல்). தம்பதியர் பிரிந்தனர் (புகாரி). என் மாணவியின் மாமியார் அஞ்சியது மூடநம்பிக்கையால் அன்று என்பதை இவ்வரலாறு உணர்த்தும். சொல்லாமல் விட்ட ஒரு செய்தி, கட்டிய குடும்பத்தைப் பிரித்துவிட்டது.

யார் யாருக்கு உறவாவர் என்பதிலும் பலருக்குத் தெளிவில்லை. பாலுண்ட குழந்தைக்கு அப்பெண் தாயாவாள். அவளுடைய கணவர் தந்தையாவார். அவர்களுடைய பிள்ளைகள் அனைவரும் உடன்பிறப்புகள் ஆவர். ஆனால் இவ்வுறவு பாலுண்ட குழந்தையையும் அதன் சந்ததியையும் மட்டுமே சாரும். அக்குழந்தையின் அண்ணனோ தம்பியோ அப்பெண்ணின் மகளை மணக்கத் தடையில்லை. வாரிசுரிமையும் இவ்வுறவால் ஏற்படாது. பாலூட்டிய தாய் முஸ்லிமல்லாதவராக இருப்பினும் உறவு உறவுதான்.

எவ்வளவு பால் அருந்தினால் உறவு ஏற்படும்? ஹனஃபி மத்ஹபில், பால்குடிப் பருவத்தில் சிறிதளவு வயிற்றை அடைந்தாலே போதும். ஷாஃபி மத்ஹபில் தனித்தனியாக ஐந்து தடவைகள் வேண்டும். நம் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகளும் கடலோர ஊர்களில் ஷாஃபிகளும் மிகுதி. ஆகவே இவ்வேறுபாடு நம் வீடுகளில் அன்றாடம் எதிர்ப்படக்கூடியது. மார்பில் வாய் வைத்து அருந்தினாலும், எடுத்து ஊட்டினாலும் சட்டம் ஒன்றே என்பது பெரும்பான்மை அறிஞர்களின் முடிவு. எனவே குழாய் வழியே செல்லும் பாலுக்கும் இது பொருந்தும்.

அறிஞர்களின் கருத்துகள்

தாய்ப்பால் வங்கியைப் பற்றிய விவாதம் இன்று நேற்று எழுந்ததன்று. 1983-ஆம் ஆண்டு குவைத்தில் நடந்த கருத்தரங்கில் டாக்டர் யூசுஃப் அல்கர்ளாவி இதனைக் கூடும் என்றார். மார்பில் நேரடியாக அருந்துவதே பாலுறவை உண்டாக்கும் என்ற சில முன்னோரின் கருத்தையும், யாருடைய பால் என்ற உறுதியின்மையையும் அவர் ஆதாரமாகக் கொண்டார். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி இதற்கு மாறாக, முஸ்லிம் நாடுகளில் இவ்வங்கிகளை நிறுவுவது கூடாது என்று தீர்மானித்தது. உறவுகள் கலந்து குழம்பிவிடும் என்பதே அதன் கவலை. 2004-இல் ஐரோப்பிய ஃபத்வாக் குழு, தேவை ஏற்படின் குறைமாதக் குழந்தைகளுக்கு அப்பாலைப் பயன்படுத்தலாம் என்றது.

அண்டை நாடுகளிலும் இதே தடுமாற்றம்தான். 2019 டிசம்பரில் டாக்காவில் ஒரு வங்கி தொடங்க எல்லா ஏற்பாடுகளும் முடிந்த நிலையில் எதிர்ப்பு எழுந்து நின்றுபோயிற்று. கராச்சியில் 2024 ஜூன் மாதம் நிபந்தனைகளுடன் ஃபத்வா பெற்றுத் திறக்கப்பட்ட வங்கி, திருத்திய ஃபத்வா வெளியானதும் அதே மாதத்தில் நிறுத்தப்பட்டது.

இக்கருத்துகளுள் எது சரி என்று தீர்ப்பளிக்கும் தகுதி எனக்கில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கூடாது என்ற அறிஞர்களும், ஒரு தாய் மற்றொருத்தியின் பிள்ளைக்குப் பால் கொடுப்பதை எதிர்க்கவில்லை. யார் என்று அறியாத நிலையைத்தான் அவர்கள் எதிர்த்தனர். அறியாமை நீங்கினால் அச்சமும் நீங்கும்.

எழுதி வைக்கச் சொன்ன முன்னோர்

மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் எங்கள் மதரஸாவின் மூத்த ஹஜ்ரத்திடம் ஓடினேன். கேட்டு முடிப்பதற்குள் அவர்கள் சொன்னது இதுதான்: "முதல்ல புள்ளைக்குப் பாலக் குடுக்கச் சொல்லும்மா. அப்புறம் யாரு பாலுன்னு கேட்டு எழுதச் சொல்லு."

பிறகு அலமாரியிலிருந்து ஹனஃபி நூலொன்றை எடுத்துக் காட்டினார்கள். தேவையின்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் பெண்கள் பாலூட்டிவிடக் கூடாது. அவ்வாறு ஊட்டினால் அதனை நினைவில் வைத்து, பலரறியச் செய்து, எழுதியும் வைக்க வேண்டும் என்ற கருத்து அதில் இருந்தது. நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள்! அத்துடன், ஓர் ஊரின் பெண்கள் பலர் ஒரு சிறுமிக்குப் பாலூட்டி, யார் ஊட்டினார் என்பது தெரியாமல் போனால், அடையாளமோ சாட்சியோ இல்லாதவரை அவ்வூரார் ஒருவர் அவளை மணப்பது செல்லும் என்ற சட்டத்தையும் காட்டினார்கள். ஐயம் மட்டும் ஹலாலை ஹராமாக்கிவிடாது. ஆனால் அறிந்துகொள்ள வழியிருக்கும்போது அறியாமலிருப்பது நம் குற்றமாகும்.

அன்புச் சகோதரிகளே! இதிலிருந்து நான் கற்றுக்கொண்டவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

1. பெற்றவளின் பாலே முதன்மை. குழந்தை வாய் வைக்க இயலாவிடினும், தாயின் உடல்நிலை இடம் தந்தவுடன் பாலை எடுக்கத் தொடங்க வேண்டும். நாளொன்றுக்கு எட்டுத் தடவையேனும் எடுத்தால்தான் சுரப்பு நிலைக்கும். முதல் நாள்களில் வரும் சில துளிச் சீம்பாலையும் வீணாக்கலாகாது. குழந்தையை மார்போடு தோல்படச் சேர்த்து அணைத்திருப்பதும் சுரப்பைக் கூட்டும்.

2. பிறர் பால் தேவை என்று மருத்துவர் சொன்னால், ஒரே தாயின் பாலாகக் கிடைக்குமா என்றும், பெயரை அறிய இயலுமா என்றும் பணிவுடன் கேளுங்கள். அளித்தவர் சம்மதித்தால் இயலுமா என்பதையும் கேட்டறியுங்கள்.

3. உறவிலோ மஹல்லாவிலோ பால் கொடுக்கும் பெண் இருந்தால், மருத்துவமனையின் மூலமே பரிசோதித்துப் பெறுங்கள். சில கிருமிகள் பாலின் வழியே பரவும். பரிசோதிக்காத பாலை நேரடியாக ஊட்டுவதும், பாலை விலைக்கு வாங்குவதும் ஆபத்து. தாய்ப்பால் வணிகத்தை அனுமதிக்க இயலாது என்று 2024 மே மாதம் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் எச்சரித்துள்ளது.

4. இரு தரப்பாரும் எழுதி வையுங்கள்: பாலூட்டிய தாயின் பெயர், கணவர் பெயர், ஊர், தேதி, எத்தனை தடவை. ஐந்து தடவை ஆகவில்லை என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். கணக்கிடும் முறையில் நுட்பங்கள் உள்ளன. உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேளுங்கள்.

5. குழந்தையின் உயிர் ஊசலாடும் வேளையில் ஃபத்வாவுக்காகக் காத்திராதீர்கள். நிக்காஹ் இருபது ஆண்டுகளுக்குப் பின் வரும் காரியம். பால் அந்த நாழிகையின் தேவை.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நம் பள்ளிவாசல்களில் நிக்காஹ் தஃப்தர் இருக்கிறது; மையித்துக் கணக்கு இருக்கிறது. பாலுறவைப் பதிய ஒரு பக்கம் ஒதுக்கினால் என்ன? நிக்காஹ் பேசி முடிக்கும் முன் அப்பக்கத்தையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாமே!

ஒரு தங்கை கிடைத்தாள்

அன்று காலை 7 மணிக்கு நான் கைப்பேசியில் சொன்னதும், அந்த மனிதர் ஓடிச் சென்று கையொப்பமிட்டார். முதல் வேளையாக இரண்டு மில்லி பால் குழாய் வழியே இறங்கியது. இரண்டு மில்லி! ஒரு தேக்கரண்டியில் பாதிகூட இராது. அதற்காகத்தான் ஓரிரவு முழுதும் நாங்கள் விழித்திருந்தோம்.

வங்கியின் பொறுப்பாளரான செவிலியர் நல்ல மனம் படைத்தவர். எங்கள் மார்க்கத்தில் இதன் நிலை இன்னது என்று எடுத்துச் சொன்னதும், கலவாத ஒரே தாயின் பாலை அக்குழந்தைக்கென ஒதுக்கினார். அளித்தவரிடம் சம்மதம் கேட்டு, மூன்றாம் நாள் அவரையே அழைத்தும் வந்தார். பக்கத்து ஊரின் நெசவாளர் குடும்பத்துப் பெண், இந்துச் சகோதரி, இடுப்பில் கொழுகொழுவென்று ஓர் ஆண் பிள்ளை. பெயரை எதற்காகக் கேட்கிறோம் என்று என் மாணவியின் மாமியார் தயங்கித் தயங்கி விளக்கினார். வேண்டாம் என்று சொன்ன அதே மாமியார்தான்.

அப்பெண் சிரித்தாள். "தாராளமா எழுதிக்கங்கம்மா. எம் பையனுக்குக் கூடப் பொறந்தவ இல்லியேன்னு இருந்தேன். இப்ப ஒரு தங்கச்சி கெடைச்சிட்டா" என்றாள். மாமியார் அவள் கைகளைப் பற்றிக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

ஆறாம் நாள் என் மாணவிக்குப் பால் சுரந்தது. ஐம்பத்து மூன்றாம் நாள், 2 கிலோ எடையுடன் குழந்தை வீடு வந்து சேர்ந்தது. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி நடக்கிறாளாம். சென்ற பெருநாளன்று அந்த நெசவாளர் வீட்டுக்கு நெய்ச்சோறு போயிற்று. அங்கிருந்து சின்னஞ்சிறு கைத்தறிப் பாவாடை ஒன்று வந்தது.

அவ்வூர்ப் பள்ளிவாசலின் நிக்காஹ் தஃப்தரில், கடைசிப் பக்கத்தில், நீல மையில் ஐந்து வரிகள் எழுதப்பட்டுள்ளன. அவ்வூரில் பாலுறவுக்கென்று எழுதப்பட்ட முதல் பதிவு அதுதான். அந்தப் பக்கத்தின் கீழே இன்னும் நிறைய இடம் இருக்கிறது.